போன செயினை நான்தான் கொன்னேன்

கம்பெனில இருந்து பைக்கோட வந்த செயின் 22,000 கிலோமீட்டர் ஓடுச்சு, அதுக்கு நான் ஒழுங்கா ஆயில் கூட விட்டது கிடையாது. அதுக்கப்புறம் நானே ஆசை ஆசையா கிட் (செயினும், அது மாட்டி ஓடற ஸ்ப்ராக்கெட்ங்கற பல்சக்கரம் முன்னாடி இஞ்சின் கிட்ட ஒண்ணு, பின் சக்கரத்துல ஒண்ணுன்னு ரெண்டும் சேந்தது) வாங்கி, ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க உக்காந்து மாட்டி, வாராவாரம் தொடச்சு, டைட் பண்ணி பொத்தி பொத்தி பாத்துக்கிட்ட செயின் 12,000லயே படுத்துருச்சு. மொதல்ல டூப்ளிகேட் சாமான கட்டி விட்டுட்டாங்க போலன்னு நெனச்சேன். கழட்டி தரையில போட்டு நிதானமா பாத்தப்ப தான் விஷயம் புரிஞ்சுது. மேல எழுதுனேன்ல, "டைட் பண்ணி"ன்னு, அங்க தான் இருக்கு சங்கதி.

சரி, இந்த தடவ மறுபடி வீட்டுலயே மாத்தினேன், போன தடவ பண்ண கூத்தெல்லாம் நெனவுல இருக்கறப்பவே எழுதி வச்சுக்கறேன், ஏன்னா அடுத்து மாத்தறதுக்குள்ள எனக்கே மறந்துரும்.

செயின் முடிஞ்சிருச்சான்னு கண்டுபிடிக்க பெருசா ஒண்ணும் வேணாம். பின்னாடி ஸ்ப்ராக்கெட்ல செயின் சுத்திட்டு திரும்பற இடம் இருக்குல்ல, அதாவது கடைசி பின்பக்கம், அங்க செயின ரெண்டு விரலால புடிச்சு பின்னாடி இழுத்து பாருங்க. நல்ல செயின்னா பல்ல கவ்விக்கிட்டு அசையாம நிக்கும். என்னோடது பாதி பல்லு வெளிய தெரியற அளவுக்கு தூக்கிக்கிட்டு வந்துச்சு. ஸ்ப்ராக்கெட் பல்லும் ஒரு பக்கமா சாஞ்சு சுறா மீனோட முதுகு துடுப்பு மாதிரி ஆயிருந்துச்சு. அப்புறம் ஸ்கேல் வச்சும் அளந்தேன். என் பைக்குக்கு 428 செயின், அதுல ஒரு பின்னோட (லிங்க்ங்கற கண்ணிகள கோக்கற குட்டி ஆணி) நடுவுல இருந்து அடுத்த பின்னோட நடுவுக்கு 12.7 மில்லிமீட்டர், அப்போ 21 பின் எண்ணி 20 லிங்க்க இழுத்து புடிச்சு அளந்தா புதுசுல 254 வரணும். எனக்கு 260 வந்துச்சு. மேனுவல்ல போட்டிருந்த லிமிட் 259.

செயின் "நீண்டுருச்சு"ன்னு தான் எல்லாரும் சொல்றோம், ஆனா இரும்பு பட்டை அப்படியெல்லாம் ரப்பர் மாதிரி நீளாது. ஒவ்வொரு லிங்க்லயும் பின் ஒரு குழாய்க்குள்ள, அதான் புஷ், அதுக்குள்ள திரும்பிக்கிட்டே இருக்கு, ஸ்ப்ராக்கெட்ட தொடும்போதும் விடும்போதும். அந்த பின்னும் புஷ்ஷும் தேஞ்சு இடைவெளி விழுது. என் கணக்குல ஒரு லிங்க்குக்கு 0.3 மில்லிமீட்டர் தான், தலைமுடி மூணு நாலு சேத்து வச்ச மாதிரி, ஆனா மொத்தம் 112 லிங்க், பெருக்கி பாருங்க, 33 மில்லிமீட்டருக்கு மேல. செயின டைட் பண்ண பின் சக்கரத்த பின்னாடி நகத்தற திருகு, அதான் அட்ஜஸ்டர், அது கடைசி கோட்டுக்கு போனது அதனால தான்.

இதுனால தான் செயின மட்டும் மாத்தாதீங்கன்னு சொல்றாங்க. இடைவெளி கூடுன செயின் ஸ்ப்ராக்கெட் பல்லையும் தனக்கு ஏத்த மாதிரி தேச்சு வச்சிருக்கும், அதுல கொண்டு போய் புது செயின போட்டா மொத்த இழுவையும் எல்லா பல்லும் பகிர்ந்துக்காம ஒண்ணு ரெண்டு பல்லு மேல வந்து விழும், கொஞ்ச நாள்லயே புதுசும் பழசு மாதிரி ஆயிரும். முன்னாடி சின்னது, பின்னாடி பெருசு, செயின், மூணும் ஒண்ணா. காசு மிச்சம் புடிக்கற இடம் இது இல்ல.

வாங்கறதுக்கு முன்னாடி லிங்க் பட்டைல அடிச்சிருக்கற நம்பர பாருங்க. மொத எண், ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் நடுவுல இடைவெளி எட்டுல எத்தன பங்கு இஞ்ச்ன்னு சொல்லுது, 428ன்னா எட்டுல நாலு, அரை இஞ்ச். 520, 525, 530 எல்லாமே எட்டுல அஞ்சு இஞ்ச், 15.875 மில்லிமீட்டர். கடைசி ரெண்டு எண் உள் அகலம் சம்பந்தப்பட்டது, அதனால 520யும் 530யும் ஒரே இடைவெளி தான்னாலும் ஒண்ணுக்கு பதிலா ஒண்ணு போட முடியாது. லிங்க் எண்ணிக்கை எப்பவும் ரெட்டைப்படை தான் வரும், உள் லிங்க் வெளி லிங்க்ன்னு மாறி மாறி வர்றதால. பின்னாடி ஸ்ப்ராக்கெட்டோட பல்ல எண்ணும்போது மொத பல்லுல மார்க்கரால ஒரு புள்ளி வச்சுக்கோங்க, நான் வைக்காம மூணு தடவ எண்ணி 41, 42, 43ன்னு மூணு விடை வந்துச்சு. அதுலயே 42ன்னு அடிச்சிருந்தத அழுக்க தொடச்ச பிறகு தான் பாத்தேன்.

முன்னாடி ஸ்ப்ராக்கெட் 14 பல்லுக்கு பதிலா 15 பல்லு போட்டா ஹைவேல நல்லாருக்கும்னு ஒரு ஆசை எனக்கு ரொம்ப நாளா இருக்கு. முன்னாடி ஒரு பல்லு கூட்டறது பின்னாடி கிட்டத்தட்ட மூணு பல்லு கொறைக்கறதுக்கு சமம், 42ஐ 14ஆல வகுத்தா 3, 15ஆல வகுத்தா 2.8. இழுவை கொறையும், இஞ்சின் அதே வேகத்துக்கு கொஞ்சம் மெதுவா சுத்தும். இன்னொரு சின்ன கணக்கும் இருக்கு: 112 லிங்க், முன்னாடி 14 பல்லு, மிச்சமில்லாம வகுபடுது, அதாவது முன் ஸ்ப்ராக்கெட் எட்டு சுத்து சுத்துனா அதே லிங்க் அதே பல்லு மேல வந்து உக்காரும், தேய்மானம் பரவாது. 15ன்னா அப்படி ஆகாது. இதையெல்லாம் யோசிச்சுட்டு கடைசியில 14 தான் வாங்கினேன், ஏத்தத்துல பின்னாடி ஆள் வச்சுக்கிட்டு முக்கிட்டு போறத நெனச்சா தைரியம் வரல.

இப்போ வேலை. போன தடவ நான் பண்ண மொத தப்பு, ஆர்வக்கோளாறுல செயின மொதல்ல கழட்டுனது. அப்போ கம்பெனி செயின்ல லாக்கே (செயினோட ரெண்டு முனையையும் சேத்து வைக்கற, கழட்டி மாட்டற கிளிப்) கிடையாது, எல்லா பின்னும் ரிவிட் அடிச்சது, கிரைண்டர் வச்சு பின் தலைய ராவி அறுத்து எடுத்துட்டு (கண்ணாடி போடாம கிரைண்டர தொடாதீங்க, பெட்ரோல் டேங்குக்கு கீழ தீப்பொறி பறக்கற வேலை இது, ஈரத்துணி போத்திட்டு பண்ணுங்க) பெருமையா நிமிந்தேன். அப்புறம் முன் ஸ்ப்ராக்கெட் நட்ட கழட்ட போனா, ஸ்பேனர் திருப்புனா ஸ்ப்ராக்கெட்டும் சேந்து சுத்துது. புடிச்சு நிறுத்த செயின் இல்லையே. கியர்ல போட்டு பாத்தேன், இஞ்சினையும் சேத்து சுத்துது. அன்னிக்கு அந்த ஒரு நட்டுக்கு மட்டும் ரெண்டு மணி நேரம்.

அதனால இந்த தடவ செயின் மேல கை வைக்கறதுக்கு முன்னாடியே முன் ஸ்ப்ராக்கெட்ட மூடியிருக்கற கவர கழட்டுனேன். உள்ள சேத்துக்கும் கிரீஸுக்கும் நடுவுல ஏதோ ஒண்ணு, கருப்பா, கத்தி வச்சு வெட்டி எடுக்கற மாதிரி கட்டியா இருந்துச்சு. அத சுரண்டுனா தான் நட்டே கண்ணுக்கு தெரியுது. நட்டுக்கு பின்னாடி ஒரு லாக் வாஷர், அதோட ஓரத்த நட்டு பக்கமா மடக்கி விட்டிருப்பாங்க, அத சின்ன உளிய வச்சு மெதுவா தட்டி நிமித்தணும். சில பைக்ல நடு நட்டு இருக்காது, ரெண்டு சின்ன போல்ட்டும் ஒரு தகடும் தான், அதுல இவ்வளவு சண்ட இல்ல.

தம்பிய கூப்பிட்டு பைக் மேல உக்கார வச்சேன். பின் சக்கரம் தரையில, கியர் நியூட்ரல், பின் பிரேக்க மிதிச்சுக்கோடான்னு சொன்னேன். சக்கரம் நின்னா செயின் நிக்கும், செயின் நின்னா ஸ்ப்ராக்கெட் நிக்கும், கியர் பாக்ஸ் மேல எந்த பாரமும் வராது. பாக்ஸ் ஸ்பேனர் கைப்பிடில ஒரு மீட்டர் பைப்ப சொருகி அழுத்துனேன்.

"நல்லா மிதிடா."

"மிதிச்சுட்டு தான் அண்ணா இருக்கேன், வண்டி தான் நகருது."

முன் சக்கரத்துக்கு ஒரு செங்கல்ல முட்டு குடுத்து திரும்ப அழுத்துனப்ப "டக்"குன்னு ஒரு சத்தம், நட்டு விட்டுருச்சா ஸ்பேனர் வழுக்கிருச்சான்னு ரெண்டு செகண்டுக்கு தெரியல. விட்டுருச்சு. ரெண்டு மணி நேர வேலை ரெண்டு நிமிஷத்துல. அதே சூட்டோட அவன எறங்க விடாம பின் ஸ்ப்ராக்கெட்ட புடிச்சிருக்கற நாலு நட்டையும் அரை சுத்து லூஸ் பண்ணிக்கிட்டேன், சக்கரத்த வெளிய எடுத்த பிறகு அத மடியில வச்சுக்கிட்டு நட்டோட மல்லுக்கட்டறது நரகம்.

அப்புறம் சென்டர் ஸ்டாண்ட் போட்டு செயின் லாக்க நோஸ் பிளேயரால தள்ளி எடுத்தா செயின் பாம்பு மாதிரி சரிஞ்சு விழுந்துருச்சு. ஆக்ஸில், அதாவது சக்கரத்தோட அச்ச, உருவி சக்கரத்த எடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் ஒரு போட்டோ எடுத்துருங்க, ஸ்பேசர் (அச்சுல இடைவெளிக்கு மாட்டற குட்டி குழாய்) எந்த பக்கம் எதுன்னு அப்ப தெளிவா தெரியற மாதிரி தான் இருக்கும், ஒரு மணி நேரம் கழிச்சு சத்தியமா தெரியாது.

சக்கரம் கையில இருக்கறப்பவே ஹப்புக்குள்ள, அதாவது சக்கரத்தோட நடு பாகத்துக்குள்ள, இழுவையோட அதிர்ச்சிய தாங்கற கப்ளிங் ரப்பர பாத்துரணும். ஸ்ப்ராக்கெட்ட புடிச்சு முன்னும் பின்னும் ஆட்டுனா நிறைய ஆடுச்சுன்னா ரப்பர் போச்சு, செயின் புதுசானாலும் கியர் போடும்போதெல்லாம் ஒரு உதறல் இருந்துக்கிட்டே தான் இருக்கும். பேரிங்குக்குள்ள விரல விட்டு சுத்தி பாத்தேன், வழுவழுன்னு போச்சு. பின் சக்கரத்த தாங்கற ஸ்விங் ஆர்ம் மேல செயின் உரசாம இருக்க ஒரு பிளாஸ்டிக் பட்டை இருக்குமே, அதுல தான் அதிர்ச்சி, அடிப்பக்கம் செயின் ஓடுன தடம் பள்ளமா விழுந்திருக்கு. டைட்டா இருக்கற செயின் அதுல அழுத்திக்கிட்டே ஓடிருக்கு.

புது ஸ்ப்ராக்கெட் மாட்டறதுல பெருசா சொல்ல ஒண்ணுமில்ல. பின்னாடி நட்ட எதிர் எதிரா கொஞ்சம் கொஞ்சமா டைட் பண்ணணும், முன்னாடி பழசு எந்த பக்கம் பாத்து இருந்துச்சோ அதே மாதிரி, லாக் வாஷர் புதுசு. முன் நட்ட இப்போ கையால மட்டும் திருப்பி விட்டுட்டு கடைசி டைட்ட செயின் மாட்டுன பிறகு, மறுபடி பிரேக் மிதிச்சு பண்ணணும். கழட்டுன வரிசைய அப்படியே தலைகீழா.

செயின மாட்டும்போது ஒரு சின்ன வித்தை: ரெண்டு முனையையும் பின் ஸ்ப்ராக்கெட் மேலயே பக்கத்து பக்கத்து பல்லுல உக்கார வச்சுட்டா ஸ்ப்ராக்கெட்டே உங்களுக்கு மூணாவது கை மாதிரி புடிச்சுக்கும். நான் வாங்குனது ஓ-ரிங் செயின், அதுல இணைக்கற லிங்க்குக்கு நாலு குட்டி ரப்பர் வளையம் வரும், ரெண்டு உள் பக்கம், ரெண்டு வெளி தகடு போடறதுக்கு முன்னாடி. பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவுல அடச்சு வச்ச கிரீஸ வெளிய விடாம காக்கறது இந்த வளையம் தான், அதனால தான் இந்த மாதிரி செயின பெட்ரோல்ல கழுவக்கூடாது, வயர் பிரஷ் போடக்கூடாது. புது செயின் மேல பிசுபிசுன்னு இருக்கறதும் கம்பெனி கிரீஸ் தான், அத கழுவிட்டு மாட்டாதீங்க.

வெளி தகடு லேசுல உள்ள போகாது, ரப்பர் எதுத்து தள்ளும். பின்னோட நுனில லாக் உக்கார்ற காடி முழுசா வெளிய தெரியற வரைக்கும் அழுத்தணும், நான் ஒரு சின்ன கிளாம்ப வச்சு ரெண்டு பின்னையும் சமமா அழுத்துனேன். அப்புறம் அந்த லாக். மீன் மாதிரி இருக்கும், ஒரு பக்கம் மூடுன தலை, இன்னொரு பக்கம் பொளந்த வால். மீன் நீந்தற மாதிரியே வைக்கணும், செயின் எந்த பக்கம் ஓடுதோ அந்த பக்கம் தலை. மேல் வரிசைல செயின் முன்னாடி பாத்து ஓடும், அதனால மேல வச்சு மாட்டறீங்கன்னா தலை பைக்கோட முன்பக்கம் பாக்கணும், கீழ் வரிசைல வச்சு மாட்டுனா தலை பின்னாடி பாக்கும். தலைகீழா போட்டா ஓடற வேகத்துல ஏதாவது கல்லு கில்லு பட்டா பொளந்த பக்கமா தள்ளி கழண்டு போறதுக்கு வழி. இதெல்லாம் தெளிவா சொல்ற நான் பிளேயரால தள்ளுனப்ப லாக் "டிங்"ன்னு பறந்து போயிருச்சு. பத்து நிமிஷம் தரையில தவழ்ந்து தேடுனோம், கடைசியில என் சட்டைப்பையில இருந்துச்சு. ரெண்டாவது தடவ ஒரு துணிய சுத்தி மறைச்சுக்கிட்டு தள்ளுனேன். பெரிய இஞ்சின் வச்சிருக்கறவங்க இந்த லாக் கதைக்கே போகாதீங்க, அதுக்கு ரிவிட் லிங்க்கும் அதுக்கான டூலும் தான்.

இப்போ நான் கொலை பண்ண இடத்துக்கு வர்றேன்.

செயின் லூஸா தொங்கறது எல்லார் கண்ணுக்கும் தெரியும், டைட்டா இருக்கறது யார் கண்ணுக்கும் தப்பா தெரியாது, பாக்க சுத்தமா, கொடிக்கயிறு மாதிரி விறைப்பா இருக்கும். நான் போன தடவ சென்டர் ஸ்டாண்ட் போட்டு, கீழ் வரிசைல நடுவுல விரல வச்சு தூக்குனா ஒரு சென்டிமீட்டர் தான் ஆடணும்னு வச்சிருந்தேன். மேனுவல் சொல்றது 25ல இருந்து 35 மில்லிமீட்டர். அவங்க ஏதோ பொத்தாம்பொதுவா போட்டிருக்காங்கன்னு நெனச்சேன்.

விஷயம் என்னன்னா, ஆள் உக்காந்து ஷாக் அமுங்கும்போது பின் ஆக்ஸில் மேல ஏறுது. முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங் ஆர்ம் மாட்டியிருக்கற போல்ட்டு, ஆக்ஸில் மூணும் ஒரே நேர்கோட்டுக்கு வர்றப்ப ரெண்டு ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவுல தூரம் அதிகபட்சம். அந்த எடத்துல தான் செயினுக்கு நெசமான டைட். சும்மா நிக்கும்போதே கயிறு மாதிரி இருந்தா, ஸ்பீட் பிரேக்கர்ல ரெண்டு பேரோட ஏறி எறங்கும்போது கொஞ்சம் கூட தளர்வு மிச்சம் இருக்காது, ஷாக் அமுங்கறதுக்கு பதிலா செயின் இழுபடும், அந்த மொத்த இழுவையும் கியர் பாக்ஸ்ல இருந்து வெளிய வர்ற ஷாஃப்ட்டோட பேரிங்லயும், பின் சக்கர பேரிங்லயும், ஒவ்வொரு பின்லயும் போய் விழும். லூஸ் செயின் சத்தம் போட்டு காட்டிக் குடுக்கும். டைட் செயின் சத்தமில்லாம தின்னும்.

சந்தேகமா இருந்தா நான் பண்ண மாதிரி பண்ணி பாருங்க. தம்பியும் அவன் ஃபிரண்டும் பைக்ல உக்காந்தாங்க, நான் கீழ குனிஞ்சு அளந்தேன். யாரும் இல்லாதப்ப 30 இருந்தது, ரெண்டு பேர் உக்காந்ததும் 15க்கு கிட்ட வந்துருச்சு. அப்போ நான் போன தடவ வச்ச 10 எங்க போயிருக்கும்னு நெனச்சு பாருங்க.

ஒரு இடத்துல மட்டும் அளக்காதீங்க. சக்கரத்த கையால கொஞ்சம் கொஞ்சமா சுத்தி நாலஞ்சு இடத்துல அளந்து, எங்க ரொம்ப டைட்டா இருக்கோ அங்க 25க்கு கீழ போகாம வச்சுக்கோங்க. கையால தான் சுத்தணும், இஞ்சின ஸ்டார்ட் பண்ணி கியர்ல போட்டு ஓடற செயின்ல துணிய வச்சு தொடைக்கறவங்கள பாத்தா எனக்கு வயித்த கலக்குது. துணி மாட்டுனா விரலும் பின்னாடியே போகும், ஸ்ப்ராக்கெட்டுக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

சக்கரம் நேரா இருக்கான்னு பாக்க ஸ்விங் ஆர்ம்ல இருக்கற கோட்ட மட்டும் நம்பாதீங்க, ரெண்டு பக்கமும் ஸ்விங் ஆர்ம் போல்ட்டோட நடுவுல இருந்து ஆக்ஸிலோட நடு வரைக்கும் டேப் வச்சு அளந்து பாத்தா என் பைக்ல கோடு ஒரு பக்கம் 2 மில்லிமீட்டர் பொய் சொல்லுது. அட்ஜஸ்டர ரெண்டு பக்கமும் நட்டோட ஒவ்வொரு பட்டையா, ஆறுல ஒரு சுத்து, சமமா திருப்பிக்கிட்டு போகணும். ஆக்ஸில் நட்ட டைட் பண்ணும்போது சக்கரம் லேசா நகந்து செட்டிங் மாறிரும், அதுக்கு ஒரு துணிய மடிச்சு செயினுக்கும் பின் ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவுல குடுத்து சக்கரத்த பின்பக்கமா சுத்துனா செயின் இறுகி ஆக்ஸில அட்ஜஸ்டரோட ஒட்டி புடிச்சு வைக்கும், அந்த நெலமைலயே நட்ட டைட் பண்ணிட்டு துணிய எடுத்துட்டு திரும்ப ஒரு தடவ அளந்துருங்க. நான் ரெண்டு தடவ திரும்ப பண்ணேன், மூணாவது தடவ 30ல நின்னுச்சு.

எல்லாம் முடிஞ்சு, முன் நட்டு டைட், வாஷர் மடக்கி, ஆக்ஸில் நட்டு கழலாம இருக்க மாட்டற ஸ்ப்ளிட் பின் புதுசு போட்டு, கை கழுவிட்டு ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்னு கெளம்பி வாசல தாண்டறதுக்குள்ள பின் பிரேக்க மிதிச்சா கால் கீழ வரைக்கும் போகுது! புது செயின் நீளம் கம்மி, அதனால சக்கரம் மூணு சென்டிமீட்டர் இல்லன்னாலும் ஒண்ணர சென்டிமீட்டராவது முன்னாடி வந்துருச்சு, டிரம் பிரேக்கோட கம்பி அதே நீளம் தான், அப்போ தொளதொளன்னு தான் இருக்கும். முன் பிரேக் இருந்ததால தப்பிச்சேன். டிஸ்க் பிரேக் வச்சிருக்கறவங்களும் சக்கரத்த மாட்டுன ஒடனே ஏறி ஓட்டாம பெடல நாலஞ்சு தடவ மிதிச்சு கெட்டியாகுதான்னு பாத்துட்டு ஏறுங்க.

பிரேக் நட்ட திருப்பி சரி பண்ணிட்டு மறுபடி போனேன். மொத வித்தியாசம் சத்தம், ரெண்டாவது கியர்ல ஆக்ஸிலரேட்டர விட்டு புடிக்கும்போது முன்ன வந்த அந்த வெட்டு இப்போ இல்ல. வீட்டுக்கு வந்ததும் சூடா இருக்கும்போதே கீழ் வரிசையோட உள் பக்கமா கியர் ஆயில் ரெண்டு சுத்து விட்டேன், சுத்தும்போது அது தானா வெளிப்பக்கம் வந்து பரவிக்கும்.

நேத்து 300 கிலோமீட்டர் ஆச்சு, புதுசுல கொஞ்சம் எடம் புடிச்சு தளரும்னு தெரியும், அளந்து பாத்தேன், 30 இருந்தது 33. ஸ்பேனர கையில எடுத்துட்டேன், ஒரே ஒரு பட்டை திருப்புனா போதும் அழகா இருக்கும்னு தோணுச்சு. 35க்கு இன்னும் ரெண்டு மில்லிமீட்டர் இருக்கு. ஸ்பேனர தம்பி கிட்ட குடுத்து நான் கேட்டா கூட தராதடான்னு சொல்லிட்டேன்.